தோட்டத்துத் தண்ணீர்ச் சட்டி: ஒரு கால்நடை மருத்துவரின் அனுபவத்திலிருந்து

கோடை பிறந்துவிட்டால் என் மருத்துவமனைக்கு நாய், பூனைகளோடு செருப்பு டப்பாக்களும் வரத் தொடங்கும். திறந்து பார்த்தால் பஞ்சு மெத்தையில் ஒரு புறாவோ சின்னான் குருவியோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொண்டுவருபவர்களில் பலர், மாடியிலும் தோட்டத்திலும் பறவைகளுக்குத் தவறாமல் தண்ணீர் வைப்பவர்கள். அந்தத் தண்ணீராலேயே நோய் பரவக்கூடும் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையார் கொண்டுவந்த மாடப்புறா இரை எடுக்க முடியாமல் எலும்பும் தோலுமாக இருந்தது. அலகை விரித்து விளக்கைக் காட்டியபோது, உலர்ந்த தயிர்க்கட்டி போன்ற மஞ்சள் படிவு தொண்டையைப் பாதிக்குமேல் அடைத்திருந்தது. டிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் வரும் நோய் இது. தாய்ப்புறா குஞ்சுக்கு ஊட்டும்போதும், நோயுற்ற பறவையின் எச்சில் கலந்த நீரை மற்றவை குடிக்கும்போதும் தொற்றும். அவர் வீட்டு மாடியில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் பேசின். தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றிவந்தாரே தவிர, மாதக்கணக்கில் அதை ஒருமுறைகூடக் கவிழ்த்ததில்லை.

ஆகவே சட்டியை நாள்தோறும் காலையில் கவிழ்த்து, தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகே மீண்டும் நிரப்ப வேண்டும். ஈரம் வற்றினால் இந்த ஒட்டுண்ணி பிழைக்காது. இரண்டு சட்டிகளை வாங்கி மாற்றி மாற்றி வைத்தால் வேலை எளிது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவைப்பதால், தேய்த்துக் கழுவுவது வீட்டாருக்கும் நல்லது. சட்டி அகலமாகவும், சொரசொரப்பான மண்ணால் ஆனதாகவும், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாமலும் இருக்கட்டும். தேன்சிட்டு போன்ற சிறு பறவைகள் நின்று குடிக்க நடுவில் ஒரு கல்லை வையுங்கள். பூனை பதுங்க இடமில்லாத திறந்தவெளியாகவும், பறந்து ஏறிக்கொள்ள நாலடி தூரத்தில் ஒரு கிளை உள்ளதாகவும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தானியம் இறைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இதற்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. தினமும் கம்பும் அரிசியும் கொட்டும் மாடியில் புறாக்கள்தாம் பெருகுகின்றன, கூடவே எலியும் வருகிறது. எலிக்கு வைத்த நஞ்சு, அந்த எலியைத் தின்னும் ஆந்தையின் உடலுக்குள்ளும் போய்ச் சேருகிறது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளைத்தான் ஊட்டுகிறது. எனவே பறவை வேண்டுமென்றால் பூச்சியும் வேண்டும், பூச்சிக்கொல்லி வேண்டாம். ஒரு செம்பருத்தி, ஓர் இட்லிப்பூச்செடி, பழுக்க விட்ட ஒரு கறிவேப்பிலை மரம், பெருக்காமல் விட்ட ஒரு மூலைச் சருகு, இவை போதும். சருகைக் கிளறத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கூச்சலிட்டு வரும். கறிவேப்பிலைப் பழத்துக்குக் குயிலும் சின்னானும் வரும்.

எங்கள் தோட்டத்து அத்திச் செடியில் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்தபோது, காலை ஆறரை மணிக்கு நாற்காலியைப் பதினைந்தடி தள்ளிப் போட்டுக்கொண்டு அசையாமல் உட்காருவேன். தாய்ப்பறவை பச்சைப் புழுவுடன் நுழைந்து, திரும்பும்போது வெள்ளைப் பொட்டலம் போன்ற ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு பறக்கும். அது குஞ்சு இட்ட, சவ்வு சுற்றிய எச்சம். கூடு நாறாமலும் எதிரிக்குக் காட்டிக்கொடுக்காமலும் இருக்க அதைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகிறது. கூட்டைக் கைப்பேசியில் படமெடுக்க இலையை விலக்குபவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. இப்படிக் கால் மணி நேரம் பார்த்ததைக் குறித்துவைக்கும் பழக்கம் வந்துவிட்டால், பொங்கலை ஒட்டித் தமிழகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்புக்கு உங்கள் பட்டியலையும் அனுப்பலாம்.

இனி, கீழே கிடக்கும் பறவை. சிறகு முளைத்துத் தத்தித் தாவும் குஞ்சு பெரும்பாலும் அநாதையன்று, பறக்கப் பழகுகிறது. பூனைக்கு எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கையே. அக்டோபர் வாக்கில் வட இந்தியாவிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி, களைப்பிலும் வெளிச்சக் குழப்பத்திலும் கண்ணாடியில் மோதி வீட்டு வாசலில் விழுவதுண்டு. அந்த நேரத்தில் நம்மவர்கள் முதலில் செய்வது, அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவது. பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருப்பதால், ஊற்றிய நீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். மோதியதில் பிழைத்த பறவை இதில் செத்துவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, உணவோ நீரோ வைக்காமல், இருட்டும் அமைதியுமான இடத்தில் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தோட்டத்தில் வைத்துப் பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். பறக்காமல் சிறகு தொங்கிக் கிடந்தால் மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேர்த்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், குணமாகும்வரை கூண்டில் வளர்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.