போர்ட் கோடு வந்தால் பாதி வேலை முடிந்தது: எண்ணை மாற்றாமல் சிம் நிறுவனத்தை மாற்றும் விதிகள்

மொபைல் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு நிறுவனத்தை மட்டும் மாற்றும் 'போர்ட்' வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கியது. 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க வந்தது. 2015 ஜூலையிலிருந்து சென்னை எண்ணை வைத்துக்கொண்டே டெல்லியில் போய் இன்னொரு நிறுவனத்தில் சேரவும் முடிகிறது. இவ்வளவு காலம் ஆகியும் 'போர்ட் போட்டா பழைய கம்பெனிக்காரன் விட மாட்டான், கடைசி நேரத்துல ரிஜெக்ட் பண்ணிடுவான்' என்ற பயம் மட்டும் போகவில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது, இப்போது பெரும்பாலும் இல்லை.

முன்பெல்லாம் எஸ்எம்எஸ் அனுப்பியதும் போர்ட் செய்வதற்கான குறியீடு வந்துவிடும். அதை நம்பிக் கடைக்குப் போய், புது சிம் வாங்கி, நாலைந்து நாள் காத்திருந்த பிறகுதான் 'பில் பாக்கி இருக்கிறது', 'இன்னும் 90 நாள் ஆகவில்லை' என்று நிராகரிப்பு வரும். 2019 டிசம்பர் 16 முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. இப்போது நீங்கள் கேட்டதும், பழைய நிறுவனத்துக்கும் புது நிறுவனத்துக்கும் இடையில் இருக்கும் போர்ட்டபிலிட்டி சேவை அமைப்பு, பழைய நிறுவனத்தின் கணினியில் உங்கள் தகுதியைச் சரிபார்க்கிறது. எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே குறியீடு வரும். இல்லையென்றால் காரணத்தோடு மறுப்பு வரும். ஆக, சிக்கல் எதுவானாலும் புது சிம்முக்குக் காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது. யுபிசி எனப்படும் அந்த எட்டு எழுத்துக் குறியீடு கைக்கு வந்துவிட்டால், பழைய நிறுவனத்திலிருந்து யார் போன் செய்து என்ன சலுகை சொன்னாலும், அவரால் போர்ட்டை நிறுத்த முடியாது.

எதையெல்லாம் பார்ப்பார்கள்

முதலாவது 90 நாள். சிம் வாங்கிய நாளிலிருந்தோ, கடைசியாகப் போர்ட் ஆகி வந்த நாளிலிருந்தோ அதே நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும். போர்ட் ஆகிப் போன இடத்தில் சிக்னல் இல்லை என்றால் மறுநாளே திரும்பி வர முடியாது. மூன்று மாதம் தள்ளித்தான் ஆக வேண்டும். அதனால் போகும் முன்பு நண்பரின் சிம்மை ஒரு மணி நேரம் வாங்கி உங்கள் போனில் போட்டு, படுக்கையறை, சமையலறை, கழிப்பறை வரை நடந்து பாருங்கள். நிறுவனங்கள் தங்கள் தளத்தில் கவரேஜ் வரைபடம் போட வேண்டும் என்று டிராய் 2024 விதிகளில் சொல்லியிருக்கிறது. வரைபடம் தெருவைத்தான் காட்டும், கான்கிரீட் சுவருக்கு உள்ளே எப்படி என்று காட்டாது.

போஸ்ட்பெய்டு என்றால், கட்ட வேண்டிய தேதி தாண்டிய பில் எதுவும் நிலுவையில் இருக்கக்கூடாது. இன்னும் பில்லே போடாத இந்த மாதப் பயன்பாடு போர்ட்டைத் தடுக்காது. ஆனால் கடைசி பில் பின்னால் வரும், அதைக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால், எண் புது நிறுவனத்துக்குப் போன பிறகும் அதைத் துண்டிக்கச் சொல்லிக் கேட்கப் பழைய நிறுவனத்துக்கு விதியில் இடம் இருக்கிறது. 'அதுதான் வெளியே வந்தாச்சே' என்று கடைசி பில்லை மறந்துவிடுவது பலரும் செய்யும் தப்பு.

2024 ஜூலை 1 முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. சிம் தொலைந்தோ வேலை செய்யாமலோ மாற்று சிம் வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குக் குறியீடு தரமாட்டார்கள். இது தொந்தரவாகத் தெரியலாம். ஆனால் மோசடிக்காரர்கள் உங்கள் பெயரில் மாற்று சிம் வாங்கி, கையோடு வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்துவிட்டால் எண்ணை மீட்பது பெரும்பாடு. அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்த ஏழு நாள்.

பெயர் மாற்றம் பாதியில் நிற்கும் எண், நீதிமன்ற வழக்கில் இருக்கும் எண், வெளியேறும் நிபந்தனையோடு போட்ட ஒப்பந்தம் முடியாத எண் ஆகியவற்றுக்கும் குறியீடு கிடைக்காது. இதில் அடிக்கடி இடிப்பது பெயர்தான். அப்பா பெயரில் வாங்கிய சிம்மைப் பத்து வருடமாக மகன் பயன்படுத்துவார். போர்ட் கடையில் மகனின் ஆதாரை வைத்து வேலையை முடிக்கப் பார்ப்பார்கள். போர்ட் என்பது பெயர் மாற்றம் அல்ல. சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே கைரேகையோ ஆவணமோ கொடுக்க வேண்டும். அவர் இல்லையென்றால் முதலில் பழைய நிறுவனத்திலேயே பெயரை மாற்றி முடித்துவிட்டு, பிறகு போர்ட்டுக்கு வாருங்கள். வேலை பார்க்கும் கம்பெனி பெயரில் இருக்கும் எண்ணுக்கும் இதே கதைதான், கம்பெனியின் அனுமதிக் கடிதம் இல்லாமல் நகராது.

எஸ்எம்எஸ்ஸில் நடக்கும் தப்புகள்

ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று நான்கு எழுத்து, ஒரே ஒரு இடைவெளி, பிறகு உங்கள் பத்து இலக்க எண். முன்னால் 91 வேண்டாம், பூஜ்யம் வேண்டாம். 1900-க்கு அனுப்ப வேண்டும். எளிமைதான், ஆனால் இரண்டு சிம் போனில்தான் குழப்பம் வரும். போர்ட் செய்ய வேண்டிய எண் இரண்டாவது சிம், எஸ்எம்எஸ் போவதோ முதல் சிம்மிலிருந்து. எந்த எண்ணை மாற்ற வேண்டுமோ அதே எண்ணிலிருந்து போனால்தான் செல்லும். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் 1, 2 என்று சிம் குறி இருக்கும், அதைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

'என் ரீசார்ஜில் எஸ்எம்எஸ் இல்லையே' என்றால், அதற்கும் டிராய் 2021 டிசம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது. எவ்வளவு சின்ன ரீசார்ஜ் ஆனாலும், அதில் எஸ்எம்எஸ் இல்லாவிட்டாலும், 1900-க்குப் போர்ட் செய்தி அனுப்பும் வசதி இருக்க வேண்டும். இருந்தாலும் வேலிடிட்டி முடிந்து எண் முடங்கும் வரை காத்திருக்காமல், முடிய ஒரு வாரம் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. எப்படியும் பிரீபெய்டில் மீதி இருக்கும் பணமும் டேட்டாவும் கூட வராது. நேற்று ஒரு வருட ரீசார்ஜ் போட்டுவிட்டு இன்று போர்ட் கேட்டால் அந்தப் பணம் போனதுதான்.

பதிலில் வரும் குறியீட்டின் முதல் எழுத்து இப்போதைய நிறுவனத்தையும் இரண்டாவது எழுத்து தொலைத்தொடர்பு வட்டத்தையும் (பெரும்பாலும் ஒரு மாநில அளவிலான சேவைப் பகுதி) குறிக்கும். எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் அதே செய்தியில் இருக்கும். சாதாரணமாக நான்கு நாள். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு வட்டங்களில் 30 நாள். கடைக்காரருக்கு வாயால் சொன்னால் ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும் ஒன்றாகிவிடும், போனையே திருப்பிக் காட்டிவிடுங்கள். தேதி தாண்டினால் ஒன்றும் குடி முழுகாது, மறுபடி ஒரு எஸ்எம்எஸ் போதும். ஆனால் போனில் யாராவது 'கஸ்டமர் கேர்' என்று சொல்லி இந்தக் குறியீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். குறியீடும் போலி ஆவணமும் சேர்ந்தால் எண் கைமாறிவிடும். எண் போனால் வங்கி ஓடிபியும் அதோடு போகும்.

கடையில், பிறகு காத்திருப்பில்

போர்ட்டுக்கு என்று டிராய் வைத்திருக்கும் பரிவர்த்தனைக் கட்டணம் 6 ரூபாய் 46 பைசா. புது நிறுவனம் இதை உங்களிடம் வாங்காமலும் விடலாம். கடையில் 'போர்ட் சார்ஜ்' என்று நூறு, இருநூறு கேட்டால் அது முதல் ரீசார்ஜா, சிம்மின் விலையா என்று கேட்டு ரசீது வாங்குங்கள். உங்கள் போனையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2ஜி பட்டன் போன் ஜியோவில் வேலை செய்யாது, அங்கே 4ஜி, 5ஜி மட்டும்தான்.

விண்ணப்பம் போட்ட 24 மணி நேரத்துக்குள் மனம் மாறினால், ஆங்கிலத்தில் 'கேன்சல்' என்று எழுதி இடைவெளி விட்டு எண்ணைச் சேர்த்து அதே 1900-க்கு அனுப்பலாம். அதற்குப் பிறகு திரும்பும் வழி இல்லை. வட்டத்துக்குள் மாறினால் 3 வேலை நாள், வட்டம் விட்டு வட்டம் போனாலும் கம்பெனி இணைப்பு என்றாலும் 5 வேலை நாள். ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் வராது. பொங்கலை ஒட்டிப் போட்டால் ஒரு வாரம் இழுப்பது இதனால்தான்.

எப்போது மாறும் என்று எஸ்எம்எஸ் வரும். பழைய சிம்மில் சிக்னல் போகும் வரை அதைக் கழற்ற வேண்டாம். போன பிறகு புது சிம்மைப் போட்டு, போனை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். இடையில் சில மணி நேரம் இரண்டிலும் சேவை இருக்காது. உங்கள் எண் இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்ற குறிப்பு மற்ற எல்லா நிறுவனங்களின் பட்டியலிலும் புதுப்பிக்கப்பட வேண்டும். அதுவரை சிலரது அழைப்பு வரும், சிலரது வராது. வங்கி எஸ்எம்எஸ் தாமதமாகும். அன்றைக்கு வீட்டுக்கடன் தவணை, ரயில் தட்கல் என்று ஓடிபியை நம்பிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சிம்மில் சேமித்த தொடர்பு எண்களை முன்பே போனுக்கு நகலெடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் அப்படியே இருக்கும். யுபிஐ செயலிகள் புது சிம்மைக் கண்டால் மறுபடி சரிபார்ப்பு கேட்கும், அதற்கு எஸ்எம்எஸ் போக வேண்டும்.

தகுதி இருந்தும் மறுத்தால்

குறியீடு தர மறுத்த காரணம் தவறு என்றால், புகார் பழைய நிறுவனத்திடம். குறியீடு கொடுத்து விண்ணப்பம் போட்ட பிறகு இழுத்தால், முதலில் புது நிறுவனத்தைக் கேளுங்கள். புகாருக்கான இலவச எண் 198. 121 பொதுத் தகவலுக்கானது. புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வரும் வரை போனை வைக்காதீர்கள், அது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை, அங்கே எழுதினால் நிறுவனத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று கடையிலோ அழைப்பு மையத்திலோ சொன்னால் நம்ப வேண்டாம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமே இல்லை. மறுப்பு எஸ்எம்எஸ், பில் கட்டிய ரசீது, புகார் எண் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் மனு எழுதுவது சுலபம்.