ஆக்டேன் எண் மார்க் இல்லீங்க

போன வாரமும் ஒரு வண்டி வந்தது. பத்து வயதான சின்ன கார். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது, மேடு ஏறினால் திக்குகிறது, மைலேஜும் இறங்கிவிட்டது. வண்டிக்காரர் சில மாதங்களாக 100 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்றுகிறாராம். சாதா பெட்ரோலைவிட லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூடுதல். "நல்ல பெட்ரோலா போட்டா சரியாயிடும்னு சொன்னாங்கண்ணா" என்றார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனை தேய்ந்து உருண்டிருந்தது. இடைவெளியில், அதை அளக்கும் ஃபீலர் கேஜின் தடித்த தகடே தாராளமாக நுழைந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி மண். நான்கு பிளக், ஒரு ஃபில்டர் மாற்றியதும் வண்டி சீராகிவிட்டது. ஒரு டேங்குக்கு அவர் கூடுதலாகக் கொடுத்த காசிலேயே அந்த வேலை முடிந்துவிட்டது. இப்படி வருகிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சுத்தத்துக்கும் சக்திக்கும் போடுகிற மார்க் இல்லை. செருப்பின் அளவு மாதிரி அது; உங்கள் காலுக்கு ஏழு சரி என்றால் பத்தாம் எண் வாங்கி வேகமாக ஓட முடியாது. பிளக் பொறியில் பற்றிய தீ வந்து சேர்வதற்கு முன்னாலேயே, அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அவ்வளவுதான். 91 போதும் என்று வடிவமைத்த இன்ஜினில் 100 ஊற்றினால் அதே வெடிப்பு, அதே இழுவை, அதே மைலேஜ். 'ஸ்மூத்தா போகுதுண்ணா' என்று சொல்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. ரசீதையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கூடுதல் ஆக்டேன் தேவைப்படும் வண்டிகள் உண்டு. அழுத்த விகிதம் அதிகமான இன்ஜின்கள், சில டர்போ கார்கள், பெரிய பைக்குகள். கம்பெனி புத்தகத்தில் 95 என்று போட்டிருந்தால் 95தான் ஊற்ற வேண்டும், அங்கே கஞ்சத்தனம் கூடாது. எண் குறைந்தால், பெட்ரோல் தானாகப் பற்றும்போது வரும் கிணுகிணு தட்டலை (நாக்கிங்) உணரும் சென்சார் பொறி நேரத்தைப் பின்தள்ளி இன்ஜினைக் காப்பாற்றும், பிக்கப் போய்விடும். பெட்ரோல் மூடிக் கதவின் உட்புறத்தைப் பாருங்கள், பல வண்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வண்டி வாங்கிப் பல வருடமாகியும் அதைப் படிக்காதவர்கள்தான் அதிகம்.

கொல்லிமலை 70 வளைவிலும் கிணுகிணு என்று சத்தம் வந்ததாகச் சொல்லி, பெட்ரோலில் கலக்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் கேட்டு வருகிறார்கள். முதலில் கியரைக் குறையுங்கள். மூன்றாவது கியரில் இன்ஜினைத் திணறடித்து ஏற்றினால் எந்தப் பெட்ரோலும் கிணுகிணுக்கும். அந்த பாட்டில்கள் சிலவற்றில் உலோகச் சேர்மம் இருக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் செங்கல் பொடி நிறத்தில் படிந்திருப்பதைப் பார்த்தால் எங்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். இப்போது சாதா பெட்ரோலிலேயே 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு ஆக்டேன் இயல்பாகவே அதிகம். அந்தக் கலவைக்கான இந்தியத் தர விதியே குறைந்தது 95 ஆக்டேன் கேட்கிறது. ஆகவே '95' என்ற எண்ணுக்காக மட்டும் பிரீமியம் பெட்ரோல் போடுவதில் அர்த்தமில்லை. அதில் சேர்க்கும், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்கிற மருந்துக்காக எப்போதாவது ஒரு டேங்க் போடுகிறேன் என்றால் போடுங்கள். பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறைவது எத்தனாலாலும் வரலாம். பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே இருக்கிறது. 95 பிரீமியத்திலும் எத்தனால் உண்டு, அதனால் மாற்றி ஊற்றித் தப்பிக்க முடியாது. 20 சதவீத எத்தனாலுக்கென்று செய்யாத, 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால், பெட்ரோல் டியூபையும் ரப்பர் வாஷர்களையும் சர்வீஸில் ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊறி மெத்தென்று ஆகியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தக் கம்பெனி பெட்ரோல் நல்லது என்று கேட்காத நாளில்லை. அரசு எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்குள் பெட்ரோலைப் பரிமாறிக்கொள்கின்றன. அடிப்படைச் சரக்கு பெரும்பாலும் ஒன்றுதான், மேலே சேர்க்கும் மருந்துதான் வேறு. கம்பெனியை விட்டுவிட்டு பங்க்கைப் பாருங்கள். விற்பனை அதிகமாக நடக்கும் பங்க்கில் சரக்கு தேங்காது. எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து தண்ணீரோடு அடியில் இறங்கிவிடும். நிலத்தடி டேங்கில் மழைநீர் கசிந்தால் கார் டேங்குக்கு வருவது அதுதான். பெருமழைக்கு மறுநாள் தாழ்வான இடத்து பங்க்கைத் தவிருங்கள். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பங்க்குக்குப் போங்கள்.

கலப்படம் பார்க்க ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், அளவு சரிதானா என்று ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள், அடர்த்தியைக் காட்டச் சொல்லுங்கள். இவை உங்கள் உரிமை, காசு கிடையாது. கூச்சப்படாதீர்கள்.

பெட்ரோல் போட்டுக் கொஞ்ச தூரத்திலேயே வண்டி நின்றுவிட்டால் தயவுசெய்து திரும்பத் திரும்ப செல்ஃப் அடிக்காதீர்கள். டேங்கில் கலந்த தண்ணீர், வண்டியின் பெட்ரோல் பம்ப்பைத் தாண்டி இன்ஜெக்டர் வரை போய்விட்டால் செலவு பல மடங்கு. சாவியை எடுத்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள். டேங்கை இறக்கும்போது கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், பங்க் ரசீதோடு சேர்த்து. அது இல்லாமல் புகார் கொடுக்கப் போனால் நிற்காது.