ஓடர் பண்ணின புத்தகம் வந்து சேரல்லயா? மூண்டு மாசக் கணக்கப் பாருங்க

முதல்ல ஒண்டு கேக்கிறன், நீங்க காசு கட்டினது என்ன புத்தகத்துக்கு? ஆண்டு 1ல இருந்து 11 வரைக்குமான அரசாங்கப் பாடநூல் எண்டா அதை வாங்கவே தேவையில்ல. 1980ல இருந்து பள்ளிக்கூடத்தால இலவசமாத்தான் குடுக்கிறாங்க. பிள்ளைக்கு ஒரு பாடம் குறைஞ்சு போச்செண்டா வகுப்பு ரீச்சரிட்ட சொல்லுங்க, அது வரைக்கும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ட வெப்சைட்டில தமிழ்ப் பிடிஎப் கிடக்கு, இறக்கி வச்சுப் படிக்கலாம்.

கஷ்டம் ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற பிள்ளைகளுக்குத்தான். அவங்களுக்கு அப்பிடி இலவசப் பாடநூல் இல்ல, தேசிய கல்வி நிறுவகத்தின்ட ஆசிரியர் வழிகாட்டி, வள நூல் எண்டு கொஞ்சம் இருக்கு, மிச்சமெல்லாம் சேர்மார் தனியா எழுதி அச்சடிக்கிறதுதான். திருகோணமலைக் கடையில ஒரு பகுதி இருந்தா அடுத்த பகுதி இருக்காது. அப்ப என்ன செய்யிறது, போனை எடுத்து ஓடர் போடுறதுதான்.

நானும் போட்டன். தங்கச்சிக்கு இரசாயனவியல் புத்தகம் ரெண்டு, டெலிவரியோட 4,650 ரூபா, ஜனவரி 9ம் திகதி ஒரு பேஸ்புக் பேஜ் குடுத்த எக்கவுண்டுக்கு மெசின்ல காசு போட்டு துண்டை வாட்ஸ்அப்ல அனுப்பினன். "நாளைக்கு பார்சல் போடுறம் அண்ணா" எண்டாங்க. பிறகு பொங்கல் லீவு. பிறகு புத்தகம் பிரிண்டுக்குப் போயிருக்கு. பிறகு கூரியர்காரன் திருப்பிக் கொண்டு வந்திட்டானாம், உப்புவெளி எங்க இருக்கெண்டு தெரியாதாம்! ஒவ்வொரு தரமும் "அடுத்த கிழமை கட்டாயம்" எண்டு முடியும், நானும் சண்டை பிடிக்க வெக்கப்பட்டுக் கொண்டு சரி சரியெண்டு விட்டிட்டன். சித்திரை வருசமும் போய், ஏப்ரல் 20ம் திகதிதான் பாவனையாளர் அதிகார சபையிட்ட முறைப்பாடு குடுக்கக் கச்சேரிப் பக்கம் (மாவட்டச் செயலகம்) போனன். அங்க இருந்த அலுவலர் ரிசீட்டில இருந்த திகதியப் பாத்திட்டு விரல் மடிச்சு எண்ணினார், ஜனவரி, பெப்ரவரி, மார்ச்... "தம்பி பதினொரு நாள் பிந்திட்டீங்களே" எண்டார்.

விசயம் இதுதான். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 2003ம் ஆண்டின் 9ம் இலக்கம், நுகர்வோர் அதிகார சபை எண்டும் சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்டுதான். அதின்ட 13ம் பிரிவில முறைப்பாட்ட எழுத்தில, பொருள் வித்து மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கோணும் எண்டு இருக்கு. பொருளே வராட்டி எந்த நாளில இருந்து எண்ணுறது எண்டு நீங்க வாதாடப் போகாதீங்க, காசு கட்டின நாளில இருந்து எண்ணிக்கொள்ளுங்க, அப்ப பயமில்ல. "அடுத்த கிழமை" எண்டு சொல்லிச் சொல்லியே ஒருத்தன் பன்னிரண்டு கிழமையைக் கடத்திப் போடுவான், அதுக்குப் பிறகு அவன் போனையும் எடுக்கமாட்டான். என்ட கணக்கில ரெண்டு கிழமை பாருங்க, மூண்டாம் கிழமை கடிதம் எழுதுங்க. கடிதம் குடுத்த பிறகு புத்தகம் வந்தா முறைப்பாட்ட எடுத்திடலாம், அதில ஒரு பாவமும் இல்ல.

சரி, குடுத்தா என்ன நடக்கும்? ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. வித்தவன்ட பக்கம் பிழையெண்டு கண்டா நட்டஈடு குடு, இல்லாட்டி பொருளை மாத்திக் குடு, இல்லாட்டி காசைத் திருப்பிக் குடு எண்டு அதிகார சபை கட்டளை போடலாம். அதையும் கேக்காட்டி நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் தண்டப்பணம் அறவிடுற மாதிரி அந்தக் காசை எடுக்கிறதுக்கும் சட்டத்தில வழி இருக்கு. கன பேர் "4,000 ரூபாக்கு ஆர் அலையிறது" எண்டு விட்டிடுறாங்க, அவங்களும் அதை நம்பித்தானே தொழில் செய்யிறாங்க.

கையில என்ன இருக்கோணும் எண்டா, காசு கட்டின துண்டு, புத்தகத்தின்ட பேரும் விலையும் இருக்கிற விளம்பரம், பேசின மெசேஜ் எல்லாம். மெசேஜ் தானே எண்டு குறைவா நினைக்காதீங்க, 2006ம் ஆண்டின் 19ம் இலக்க மின்னணுப் பரிமாற்றச் சட்டம் வந்த பிறகு மின்னணு வடிவத்தில இருக்கெண்ட ஒரே காரணத்துக்காக ஒரு ஆவணத்தைத் தள்ள ஏலாது. ஆனா ஸ்கிறீன்ஷொட் எடுக்கேக்க மேல திகதியும் அவங்கட நம்பரும் தெரியோணும், பேஜ்ஜின்ட பேரையும் லிங்கையும் முதல் வேலையா எடுத்து வைங்க, பேரை மாத்திட்டாங்க எண்டா பிறகு தேடிக் கண்டுபிடிக்க ஏலாது. அந்த மெசின் குடுக்கிற துண்டு இருக்கே, நாள் போகப் போக எழுத்தெல்லாம் அழிஞ்சு வெள்ளைக் கடுதாசியாப் போயிடும், அண்டைக்கே போட்டோக்கொப்பி அடிங்க. விலாசம் தெரியாதெண்டு நிக்கவும் வேண்டாம், எக்கவுண்ட் நம்பர், அதில இருக்கிற பேர், போன் நம்பர், இருக்கிறதை எழுதுங்க.

கடை உண்மையா இருந்து பார்சலும் போட்டிருந்தா அது வேற கதை. பதிவுத் தபால் எண்டா இலக்கத்தைக் கேட்டு வாங்குங்க, அதைக் கொண்டு தபாற்கந்தோரில விசாரிக்கலாம். இலக்கம் தராம இழுத்தடிச்சா பார்சலே போடல்ல எண்டு வச்சுக்கொள்ளுங்க.

கார்ட்டால கட்டினவங்க வங்கிக்கு உடன போன் அடிச்சு பொருள் வரல்ல, இந்தக் கொடுப்பனவை மறுக்கிறன் எண்டு சொல்லி எழுத்திலயும் குடுங்க, அதுக்கும் கால எல்லை இருக்கு. வங்கி கண்டுகொள்ளாட்டி மத்திய வங்கியின்ட 1935க்கு சொல்லலாம். வெளிநாட்டு வெப்சைட்டில வாங்கினதுக்கும் இந்த வழிதான் சரி, கச்சேரியில இருந்து கொண்டு அமெரிக்காவில இருக்கிறவனைக் கூப்பிட ஏலாது தானே. என்னை மாதிரி நேர எக்கவுண்டில போட்டவங்களுக்கு வங்கி ஒண்டும் செய்யாது.

பேஜ்ஜே காணாமப் போயிட்டா அது வியாபாரப் பிரச்சினை இல்ல, மோசடி. பொலிஸில முறைப்பாடு போட்டு அந்த முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்க. போலிப் பேஜ் பற்றி இணையப் பாதுகாப்பைப் பாக்கிற இலங்கை சேர்ட்டின்ட (CERT) 101க்கும் சொல்லலாம், ஆனா அவங்க காசு எடுத்துத் தருவாங்க எண்டு எதிர்பாக்காதீங்க.

அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பரும் இருக்கு. அடிச்சு வழி கேளுங்க, ஆனா சட்டம் எழுத்தில எண்டுதான் கேக்குது, அதால போனோட நிக்காதீங்க. கடிதம் தமிழில எழுதலாம், அது உங்கட உரிமை, ஆரும் சிங்களத்தில கொண்டு வா எண்டு சொல்ல ஏலாது. பெரிய கதையெல்லாம் வேண்டாம். இன்ன திகதியில, இன்ன பேருக்கு, இன்ன எக்கவுண்டில இவ்வளவு காசு கட்டினன், இன்ன புத்தகம், இண்டு வரைக்கும் வரல்ல, இன்ன திகதிகளில கேட்டன், எனக்குக் காசு திரும்ப வேணும். கடைசி வரிய மறக்காம எழுதுங்க, புத்தகமா காசா எண்டு. சோதினை முடிஞ்ச பிறகு புத்தகம் வந்து என்ன செய்யிறது?

கச்சேரிக்குப் போறெண்டா ரெண்டு பிரதி கொண்டு போங்க. நான் திரும்பி வரேக்க பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில மான் ஒண்டு காட்போட் பெட்டிய மென்டு கொண்டு நிண்டுது, என்ட பார்சல் வந்திருந்தாலும் இதுதான் கதியாக்கும் எண்டு தங்கச்சிக்குப் படம் எடுத்து அனுப்பினன், அவ சிரிக்கல்ல. ரெண்டு பிரதியில ஒண்டை அவங்களிட்ட குடுத்து, மற்றதில திகதியும் சீலும் கையெழுத்தும் போட்டு வாங்குங்க. நேர போக ஏலாட்டி பதிவுத் தபாலில அனுப்பலாம், மூண்டு மாசம் முடியிற கடைசி நாள் வரைக்கும் பாத்துக் கொண்டிராம ஒரு கிழமை முந்தியே போடுங்க.