ஷட்டர் 1/4000 வைத்தும் கம்பம் ஏன் சாய்கிறது?

திருமண வரவேற்பு மேடையில் எடுத்த படங்களின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்திருக்கும். ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து எடுத்த படத்தில் மின்கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், கேமராவில் பழுது எதுவும் இல்லை. கேமரா அப்போது ‘சைலன்ட்’ முறையில், அதாவது அசையும் திரை இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில், இருந்திருக்கும். ஃபோன் கேமராக்களில் பெரும்பாலும் வேறு ஷட்டரே கிடையாது.

புதிதாகப் படம் எடுப்பவர்கள் இதைப் பார்த்ததும் ஷட்டர் வேகத்தைக் கூட்டுவார்கள். கம்பத்தின் விளிம்பு கூர்மையாகும், சாய்வு அப்படியே இருக்கும். பட்டைகளோ முன்னைவிட அழுத்தமாகத் தெரியும். கேமராவுக்குள் இரண்டு வேகங்கள் தனித்தனியாக இயங்குவதுதான் இதற்குக் காரணம். ஒன்று, ஷட்டர் வேகம், அதாவது ஒளி வாங்கும் நேரம். இன்னொன்று, ஒளியைப் பதியும் சில்லான சென்சாரை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க ஆகும் நேரம். முதலாவதை நாம் மாற்றலாம். இரண்டாவது கேமராவோடு பிறந்தது, பெரும்பாலும் விவரப் பட்டியலில்கூட அதைப் போடுவதில்லை.

24 மெகாபிக்சல் சென்சாரில் சுமார் 4000 பிக்சல் வரிசைகள் உண்டு. சாதாரண சிமாஸ் (CMOS) வகைச் சென்சார் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் படிக்கும். ஷட்டர் 1/4000 என்றால் ஒவ்வொரு வரிசையும் 1/4000 நொடிதான் ஒளி வாங்குகிறது, அதில் பிசகில்லை. ஆனால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையே, கேமராவைப் பொறுத்து, 1/15 நொடி வரை கடந்துவிடலாம். அதாவது படத்தின் மேல்பகுதியும் கீழ்பகுதியும் வெவ்வேறு கணங்களில் பதிவானவை. இதைத்தான் ரோலிங் ஷட்டர் என்கிறார்கள்.

ரயில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 90 கி.மீ. என்றால் நொடிக்கு 25 மீட்டர். 1/15 நொடியில் ரயில் 1.67 மீட்டர் நகர்ந்துவிடும். 8 மீட்டர் உயரக் கம்பம் படத்தை மேலிருந்து கீழ்வரை நிறைத்து நின்றால், அதன் உச்சிக்கும் அடிக்கும் 1.67 மீட்டர் விலகல். கிட்டத்தட்ட 12 டிகிரி சாய்வு. நொடிக்கு 5 சுற்று சுற்றும் மின்விசிறி அதே நேரத்தில் மூன்றில் ஒரு சுற்றை முடித்திருக்கும். இறக்கைகள் வாழைப்பழம்போல் வளைந்து பதிவதும், அடிக்கும்போது கிரிக்கெட் மட்டை வில்லாக வளைவதும் இதனால்தான்.

இனி அந்தப் பட்டைகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுழற்சிக்கு இரண்டு உச்சம் என்பதால் டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்கும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரியாது. 1/1000 நொடி மட்டும் ஒளி வாங்கும் வரிசைக்கு நன்றாகவே தெரியும். விளக்கு உச்சத்தில் இருந்தபோது பதிவான வரிசைகள் வெளிச்சமாகவும், மங்கியபோது பதிவானவை இருட்டாகவும் அமைகின்றன. சென்சார் படிக்க 1/15 நொடி ஆனால் அதற்குள் விளக்கு ஆறு ஏழு முறை துடித்துவிடும், படத்திலும் ஆறு ஏழு பட்டைகள் விழும்.

தீர்வும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு துடிப்புக்கு 10 மில்லிசெகண்ட். ஷட்டரை 1/100 வைத்தால் ஒவ்வொரு வரிசையும் ஒரு முழுத் துடிப்பை வாங்கும். 1/50 வைத்தால் இரண்டை. எப்போது தொடங்கினாலும் மொத்த ஒளி ஒன்றுதான், பட்டை மறைந்துவிடும். 1/60 இங்கே சரிவராது. 16.7 மில்லிசெகண்டில் ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாகவே அடங்கும், ஆகவே வரிசைக்கு வரிசை வெளிச்சம் மாறும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்காவில் அதே 1/60 பொருந்தும். அங்கிருந்து வரும் குறிப்புகளை நம் ஊர் மண்டபத்தில் அப்படியே பின்பற்றக் கூடாது. வீடியோவுக்கும் இதே விதிதான்: 25 ஃபிரேம், 1/50 ஷட்டர், விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் ‘ஆன்ட்டி ஃப்ளிக்கர்’ அமைப்பு 50 ஹெர்ட்ஸ்.

மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்.இ.டி. சுவரும் மங்கலாக்கப்பட்ட அலங்கார விளக்குகளும் இன்னும் வேகமாக, நொடிக்குப் பல நூறு அல்லது சில ஆயிரம் முறை துடிக்கும். அங்கே பட்டைகள் மெல்லிய கோடுகளாக நெருக்கமாக விழும். அவை சரியாக நொடிக்கு 100-இன் மடங்கில் துடிப்பதில்லை என்றாலும், 1/100 நொடிக்குள் பல துடிப்புகள் சேர்ந்துவிடுவதால் கோடுகள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுவது நல்லது. அதில் இரண்டு திரைகள் சென்சாரின் குறுக்கே சுமார் 4 மில்லிசெகண்டில் ஓடிக் கடந்துவிடும். அந்த நேரத்தில் விளக்கு அரைத் துடிப்புகூட முடித்திருக்காது, ஆகவே அடுக்கடுக்காகப் பட்டைகள் விழாது. ஆனால் 1/500, 1/1000 வைத்தால் அடுத்தடுத்த படங்களின் வெளிச்சமும் நிறமும் முன்பின்னாக இருக்கும், படத்தின் ஒரு பக்கம் மங்கலாகவும் விழலாம். நின்று வாழ்த்துகிறவர்களுக்கு 1/100 போதும், அதற்காக ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200 வரை ஏறினாலும் தயங்க வேண்டாம். அதனால் வரும் நுண்புள்ளிகளைப் பிறகு குறைத்துவிடலாம், பட்டையை நீக்குவது பெரும் பாடு.

மெக்கானிக்கல் ஷட்டருக்கும் ஒரு வரம்பு உண்டு. பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250-க்கு மேல் போனால் திரைகள் முழுதாகத் திறப்பதில்லை, இடைவெளி மட்டுமே நகரும். அந்த நேரத்தில் சாதாரண முறையில் ஃபிளாஷ் அடித்தால் படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும். எலக்ட்ரானிக் ஷட்டரிலோ பல கேமராக்கள் ஃபிளாஷை அடிக்கவே விடாது. ஃபிளாஷ் எரியவில்லை என்று பேட்டரியை மாற்றுவதற்கு முன் சைலன்ட் முறை இயங்குகிறதா என்று பாருங்கள்.

சைலன்ட் முறையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கச்சேரி அரங்கிலும், தூங்கும் குழந்தையின் அருகிலும், முக்காலியில் வைத்து நிலவை எடுக்கும்போதும் அதைவிட நல்லது இல்லை. சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை. கச்சேரியில் ஷட்டரை 1/100-இல் வைத்துக்கொண்டால் போதும்.

கேமரா நிறுவனங்கள் சில ஆண்டுகளாக, சென்சாரைப் படிக்கும் அந்த இரண்டாவது வேகத்தோடுதான் மல்லுக்கட்டுகின்றன. சென்சாரின் பின்னால் நினைவகத்தை அடுக்கி வேகமாகப் படிக்கும் முழுச்சட்டக (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவாக சோனி ஆல்ஃபா 9, 2017-இல் வந்தது. 2021-இல் வந்த நிக்கான் இசட்9 சுமார் 4 மில்லிசெகண்டில் படித்துவிடுவதால் அதில் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை. 2023 நவம்பரில் சோனி அறிவித்த ஆல்ஃபா 9 III ஒரு படி மேலே போய், முழுச்சட்டகத்தில் முதன்முறையாக குளோபல் ஷட்டரைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பிக்சலின் பக்கத்திலும் ஒரு சிறு சேமிப்பிடம் இருக்கிறது. எல்லா பிக்சல்களும் ஒரே கணத்தில் தம் மின்னூட்டத்தை அதில் கொட்டிவிடும், பிறகு வரிசையாகப் படிக்க எவ்வளவு நேரம் ஆனாலும் படம் கோணாது. 1/80000 வரை எந்த வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கலாம். அந்தச் சேமிப்பிடத்துக்கு இடம் விட்டதன் விலையும் தெரிகிறது: அதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250, வழக்கமான 100 அல்ல. விளையாட்டுப் படம் எடுத்துப் பிழைப்பவர்களுக்கு இது பெரிய வரம். கற்றுக்கொள்பவர் அந்தப் பணத்தை நல்ல லென்ஸில் போடுவதே மேல்.

உங்கள் கேமரா சென்சாரைப் படிக்கும் நேரத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். பழைய சோக் வைத்த டியூப் லைட் இருந்தால் சிறப்பு, மலிவான எல்.இ.டி. இரவு விளக்கும் ஆகும். தரமான எல்.இ.டி.களில் துடிப்பு சமன் செய்யப்பட்டிருக்கும், அவற்றில் பட்டை தெரியாது. மற்ற விளக்குகளை அணைத்து, வெள்ளைச் சுவரைச் சட்டகம் முழுக்க நிரப்புங்கள். எலக்ட்ரானிக் ஷட்டர், 1/2000, ஐ.எஸ்.ஓ. 6400, ஆன்ட்டி ஃப்ளிக்கர் அணைப்பில். எடுத்த படத்தில் இருண்ட பட்டைகளை எண்ணி 10-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ அத்தனை மில்லிசெகண்ட். ஆறு என்றால் 60, அதாவது சுமார் 1/17 நொடி. அந்தக் கேமராவில் சைலன்ட் முறை அசையாத பொருளுக்கு மட்டும். இரண்டு என்றால் நடப்பவர்களை எடுக்கலாம், மட்டையையும் பறவையின் இறக்கையையும் நம்பி எடுக்க முடியாது. ஒரு முழுப் பட்டைகூட விழவில்லை என்றால் 10 மில்லிசெகண்டுக்குள் படித்துவிடுகிறது. ஓட்டத்தையும் அதில் எடுத்துப் பார்க்கலாம்.