ஐரோப்பிய ரயில்வேயில் பெண்களுக்கான ஒப்பந்தம்: எது சட்டம், எது வாக்குறுதி?

ஐரோப்பிய ரயில் நிறுவனங்களில் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் பெண். அவர்களிலும் பெரும்பாலோர் அலுவலகத்திலோ டிக்கெட் கவுன்டரிலோ பயணிகளைக் கவனிக்கும் வேலையிலோ இருக்கிறார்கள். ரயில் ஓட்டுவது, தண்டவாளப் பராமரிப்பு, பணிமனை என்று வந்தால் எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிடும். இந்த நிலையை மாற்ற 2021 நவம்பர் 5 அன்று ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கையெழுத்திட்டவர்கள் இருவர். ஒருவர் ரயில் நிறுவனங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பான சிஇஆர். மற்றவர் போக்குவரத்துத் தொழிற்சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பான இடிஎஃப். 'விமன் இன் ரயில்' ஒப்பந்தம் என்று இதைச் சொல்கிறார்கள்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இது நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்லை. நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் தாங்களே பேசி முடிவுசெய்து, தாங்களே நடைமுறைப்படுத்துவதாக ஒப்புக்கொண்டது. ஆகவே இதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் ஊழியர் நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஆனால் தொழிற்சங்கம் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, "உங்கள் கூட்டமைப்பு கையெழுத்துப் போட்டிருக்கிறதே" என்று மேசையில் வைக்கலாம்.

சரி, அதில் என்ன இருக்கிறது? ஆள் எடுப்பதில் பாகுபாடு இல்லாமை, பதவி உயர்வு, சம ஊதியம், வேலையையும் வீட்டையும் சேர்த்துச் சமாளிக்க வசதி, உடல்நலமும் பாதுகாப்பும், பாலியல் துன்புறுத்தல் தடுப்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வகுத்துச் செயல்பட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான இட ஒதுக்கீடு கிடையாது. எத்தனை பெண்கள் என்ற இலக்கை அந்தந்த நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தத்தின் பலவீனம் இதுதான் என்பது என் எண்ணம். தானே வைத்த இலக்கைத் தானே தவறவிட்டால் யார் கேட்பது?

விளம்பரத்தில் தலைக்கவசம் போட்ட ஒரு பெண்ணின் படத்தைப் போடுவது எளிது. வந்தவர் நிலைத்து நிற்க வேண்டுமானால் ஷிஃப்ட் அட்டவணையைத் தொட வேண்டும். விடிகாலை மூன்று மணிக்குத் தொடங்கும் வேலை, நள்ளிரவில் முடியும் வேலை, வேறு ஊரில் தங்கி மறுநாள் திரும்பும் வேலை, இதெல்லாம் இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாதவை. ஆனால் அட்டவணை கையில் கிடைப்பது முந்தைய நாளா, பல வாரங்களுக்கு முன்பா என்பதை நிர்வாகத்தால் மாற்ற முடியும். அதைப் பொறுத்துத்தான் சிறு பிள்ளை உள்ளவர் வேலையில் தொடர்வதா விடுவதா என்று முடிவெடுப்பார். அடுத்தது கழிப்பறை. ஆண்களை மட்டும் நினைத்துக் கட்டிய பழைய டெப்போக்களில் தனிக் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இல்லாமல், பெண்களை வேலைக்கு அழைப்பதில் அர்த்தமில்லை. அளவுக்குப் பொருந்தாத பாதுகாப்புக் காலணியும் கையுறையும்கூட இதே கணக்குதான். இவை வசதிகள் போலத் தெரிந்தாலும், தண்டவாளத்தில் நிற்பவருக்கு அவை பாதுகாப்பு.

இனி, சட்டமாகவே கேட்டு வாங்கக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பிரசவ விடுப்பு குறைந்தது 14 வாரம். சில நாடுகள் அதைவிடக் கூடுதலாகத் தருகின்றன. கர்ப்ப காலத்தில் மருத்துவச் சான்று கொடுத்தால் இரவு வேலை பார்க்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. செய்யும் வேலை கர்ப்பத்துக்கு ஆபத்து என்றால் முதலில் வேலை நிலைமையை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் வேறு வேலை தர வேண்டும், அதுவும் முடியாவிட்டால் விடுப்பு. பெற்றோர் இருவருக்கும் தலா 4 மாதப் பெற்றோர் விடுப்பு உண்டு. அதில் 2 மாதத்தை மற்றவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அப்பாவும் வீட்டில் இருக்கட்டும் என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். இது அம்மாவின் வேலையைக் காப்பாற்றுகிற ஏற்பாடும்தான். அப்புறம், குறைந்தது 8 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கலாம். நிறுவனம் மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும்.

ஊதியத்தில் கவனம் தேவை. ரயில்வேயில் அடிப்படைச் சம்பளம் ஒன்றாக இருந்தும், இரவுப் படி, ஞாயிறு படி, கூடுதல் நேரப் படி ஆகியவற்றில் வித்தியாசம் ஒளிந்துகொள்ளும். 2023இல் வந்த ஊதிய வெளிப்படைத்தன்மை விதி இந்தப் படிகளையும் ஊதியமாகவே கணக்கில் எடுக்கிறது. அதை உறுப்பு நாடுகள் சொந்தச் சட்டமாக்குவதற்கான கெடு 2026 ஜூன் 7. அதன்படி வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குத் தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். முந்தைய வேலையில் என்ன வாங்கினார் என்று கேட்கக் கூடாது. ஒரே மதிப்புள்ள வேலை செய்யும் ஆண்களும் பெண்களும் சராசரியாக என்ன வாங்குகிறார்கள் என்ற விவரத்தை ஊழியர் எழுத்தில் கேட்டுப் பெறலாம்.

பாகுபாட்டு வழக்குகளில் ஒரு சாதகம் உண்டு. பாகுபாடு நடந்திருக்கலாம் என்று காட்டும் தகவல்களைப் பெண் முன்வைத்தால் போதும். அப்படி நடக்கவில்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. பாலியல் துன்புறுத்தலும் ஐரோப்பிய ஒன்றிய விதியில் பாகுபாடாகவே கருதப்படுகிறது.

ரயில் ஓட்டுநராக விரும்புபவருக்கு: ஒன்றியம் முழுவதும் செல்லும் உரிமத்துக்குக் குறைந்த வயது 20. தன் நாட்டுக்குள் மட்டும் செல்லும்படி 18 வயதிலேயே உரிமம் தர நாடுகளுக்கு அனுமதி உண்டு. மருத்துவ, உளவியல் தேர்வுகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. நேர்காணலுக்குப் போகும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். அட்டவணை எத்தனை நாள் முன்பு கிடைக்கும், எந்த டெப்போவில் போடுவார்கள், அங்கே பெண்களுக்கு என்ன வசதி இருக்கிறது? பதில் தடுமாறினால் அந்த டெப்போவின் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.