கியூரேஷன்: சொல்லும் தமிழும்

இணையத்தில் படித்ததில் மனதைத் தொட்டவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்து, பிறருக்கும் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு இப்போது ‘கியூரேஷன்’ என்று பெயர். விண்வெளி பற்றி ஒரு கட்டுரை, பக்கத்திலேயே ஒரு பழைய சமையல் குறிப்பு, அடுத்து ஒரு மொழியியல் விவாதம், நடுவே ஒரு கவிதை என்று கலந்து தருபவரைக் கியூரேட்டர் என்கிறோம். ‘நல்லா கியூரேட் பண்ணியிருக்காங்க’ என்று பேச்சில் சொல்வதற்கு யாருக்கும் தயக்கமில்லை. எழுத உட்காரும்போதுதான் தடுமாற்றம். தொகுப்பு என்றால் போதுமா? திரட்டு என்பதா? தேர்வு என்பதா? எதைப் போட்டாலும் ஏதோ ஒன்று விட்டுப்போகிறது. விட்டுப்போவது எது என்று பார்க்கச் சொல்லின் வேருக்குப் போகவேண்டும்.

வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘கூரா’ என்றால் அக்கறை, பராமரிப்பு, பொறுப்பு. கவலை என்றும் ஒரு பொருள் உண்டு. அதைச் செய்பவர் ‘கூராட்டோர்’. பழைய உரோமில் அது அரசுப் பதவி. நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாய்களுக்குப் பொறுப்பான அதிகாரிக்குத் தண்ணீரின் கூராட்டோர் என்று பெயர். கி.பி. 97இல் அந்தப் பொறுப்பை ஏற்ற ஃபிரான்டினஸ், ஒவ்வொரு கால்வாயும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், வழியில் யார் திருட்டுத்தனமாகக் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார். தன் சொத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவருக்கு உரோமச் சட்டம் நியமித்த பொறுப்பாளரும் கூராட்டோர்தான். பிறகு திருச்சபைக்குள் நுழைந்து, மக்களின் ஆன்மாவைப் பேணுகிறவர் என்ற பொருளில் பங்குக் குருவைக் குறித்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் பங்குத்தந்தையைக் ‘க்யூரே’ என்றே அழைக்கிறார்கள். நோயைக் குணமாக்கும் ‘கியூர்’ இதே வேரில் முளைத்தது. ஆர்வத்தைச் சொல்லும் ‘கியூரியஸ்’, பிசகில்லாமையைச் சொல்லும் ‘அக்யூரேட்’, கவலையின்றி இருப்பதைச் சொல்லத் தொடங்கிய ‘செக்யூர்’ எல்லாம் உடன்பிறப்புகள்.

1662இல் இலண்டன் ராயல் சொசைட்டி ராபர்ட் ஹூக்கைச் ‘சோதனைகளின் கியூரேட்டர்’ ஆக நியமித்தது. சங்கத்தின் கூட்டங்களில் சோதனைகளைச் செய்து காட்டுவது அவர் பொறுப்பு. அருங்காட்சியகங்கள் பெருகியதும், அங்கே உள்ள பொருள்களைப் பாதுகாத்து, வகைப்படுத்தி, காட்சிக்கு வைப்பவர் என்ற பொருள் நிலைத்தது. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களில் இவரைக் காப்பாட்சியர் என்கிறார்கள். நல்ல சொல். ‘காப்பு’ என்பதில் கூரா அப்படியே இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு அதை மாற்றவேண்டிய தேவையே இல்லை.

‘கியூரேட்’ என்ற வினைச்சொல் ஆங்கிலத்தில் ரொம்பப் பிந்தி, பெயர்ச்சொல்லிலிருந்து உருவி எடுக்கப்பட்டது. முதலில் ஓவியக் கண்காட்சிகளோடு ஒட்டியிருந்தது. இணையம் வந்தபிறகு கட்டுரைகள், பாடல்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது.

இணையத்தில் இதை ஒரு கலையாகச் செய்து காட்டியவர்களில் டெனிஸ் டட்டனை முதலில் சொல்வேன். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1998இல் அவர் தொடங்கிய ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் டெய்லி தளத்தில் அலங்காரம் எதுவும் கிடையாது. மூன்று செங்குத்துப் பத்தி, ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு மூன்று வரி அறிமுகம், அப்புறம் இணைப்பு. அந்த இரண்டு வரியில்தான் அவருடைய உழைப்பு முழுக்க இருந்தது. கட்டுரையை முழுதாகப் படித்து, அதன் நரம்பைப் பிடித்தவரால் மட்டுமே அப்படி எழுத முடியும். 2006இல் மரியா பொப்போவா சில நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய வார மின்னஞ்சல், பிரெய்ன் பிக்கிங்ஸ் என்ற தளமாக வளர்ந்தது. 2021இலிருந்து அதன் பெயர் தி மார்ஜினேலியன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2012இல் அதைத் தன் நிரந்தர இணையக் காப்பகத்தில் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில், ஒரு செய்தியை யார் வழியாகக் கண்டெடுத்தோம் என்பதைக் குறிக்கத் தனிக் குறியீடுகளை வைக்கலாம் என்று அவரும் சிலரும் ஒரு முறையை முன்வைத்தார்கள். அது பெரிதாகப் பரவவில்லை. ஆனாலும் கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கும் நன்றி சொல்லவேண்டும் என்ற எண்ணம் உயர்ந்தது.

இத்தகைய தொகுப்புகளோடு சேர்ந்தே வரும் இன்னொரு சொல் ‘எக்லெக்டிக்’. கிரேக்கத்தில் ‘எக்’ என்றால் வெளியே, ‘லெகெய்ன்’ என்றால் பொறுக்குதல். ஒரே சிந்தனைப் பள்ளியைச் சாராமல் பல தத்துவங்களிலிருந்தும் நல்லதை எடுத்துக்கொண்ட சிந்தனையாளர்களுக்குப் பழங்காலத்தில் இந்தப் பெயர் இருந்தது. ‘ஆந்தாலஜி’யிலும் அதே லெகெய்ன் உண்டு, முன்னால் இருக்கும் ‘ஆந்தோஸ்’ என்பது மலர். பூப்பறித்தல் என்பதுதான் நேர்ப்பொருள். கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முந்தைய காலத்தில் வாழ்ந்த கிரேக்கக் கவிஞர், கதாரா ஊர் மெலயாகர், பல கவிஞர்களின் பாடல்களைத் தொகுத்து அதற்கு மாலை என்று பெயரிட்டு, முன்னுரையில் ஒவ்வொரு கவிஞரையும் ஒரு பூவாக உருவகித்தார்.

தமிழிலும் இதே பூ வாசம் வீசுகிறது. பல பூக்களைக் கலந்து கட்டியது கதம்பம். கலம்பகமும் அதுதான். ‘களிவண்டு மிழற்றிய கலம்பகம் புனைந்த அலங்கலந் தொடையல்’ என்று திருப்பள்ளியெழுச்சியில் தொண்டரடிப்பொடியாழ்வார் பாடுவது கலவைப் பூமாலையைத்தான். அந்தப் பெயரே பல உறுப்பும் பல யாப்பும் கலந்த ஒரு சிற்றிலக்கிய வகைக்கும் வந்தது. கலம் என்றால் பன்னிரண்டு, பகம் என்றால் அதில் பாதி ஆறு, ஆக மொத்தம் பதினெட்டு உறுப்பு என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு ஆழ்வாரின் மாலைதான் இயல்பான விளக்கமாகப் படுகிறது. 1947இல், பல இடங்களிலிருந்தும் நல்ல கட்டுரைகளைத் திரட்டித் தந்த ஒரு தமிழ் மாத இதழ் தொடங்கியபோது அதற்கு வைத்த பெயர் மஞ்சரி, அதாவது பூங்கொத்து. எக்லெக்டிக் என்ற சொல்லுக்குப் ‘பல்திறத் தேர்வு’ என்று புதிதாக உண்டாக்குவதைவிடக் ‘கதம்பம்’ என்று எழுதினால் படிப்பவருக்குச் சட்டென்று விளங்கும்.

சரி, கியூரேஷனுக்கு வருவோம். தமிழ் இலக்கணம் தொகுத்தலை ஒரு படைப்பு வேலையாகவே மதித்திருக்கிறது. முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் வகைகளைச் சொல்லும் தொல்காப்பிய மரபியல் நூற்பா ‘தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று தொகுத்தலை முதலில் வைக்கிறது. தண்டியலங்காரம் இன்னும் நுணுக்கமாகப் போய், எதை வைத்துத் தொகுப்பது என்று கேட்கிறது. ஒருவர் பாடியதைத் தொகுக்கலாம், பலர் பாடியதைத் தொகுக்கலாம். பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு ஆகியவற்றைக் கொண்டும் தொகுக்கலாம் என்று விடை தருகிறது. இன்றைக்கு இணையத்தில் ஒரு பட்டியலைப் போடுகிறவர் எதிர்கொள்கிற கேள்வியும் இதுவேதான்.

இதற்கெல்லாம் கண்முன் நிற்கும் சான்று எட்டுத்தொகை. அகப்பாடல்களை அடியளவு கொண்டு பிரித்தார்கள்: நான்கு முதல் எட்டு அடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை நெடுந்தொகை என்னும் அகநானூறு. ஒவ்வொரு பாட்டுக்கும் யார் கூற்று, எந்தச் சூழலில் சொன்னது என்று ஒரு குறிப்பு வந்து சேர்ந்தது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பல பாடல்களில் பேசுவது தலைவியா தோழியா என்றே நமக்குப் பிடிபடாது. டட்டன் எழுதிய இரண்டு வரி அறிமுகத்தின் வேலையை இந்தக் கூற்றுக் குறிப்புகள் எப்போதோ செய்திருக்கின்றன.

பாடியவர் பெயர் விஷயத்தில் அவர்கள் காட்டிய அக்கறை இன்னும் உருக்கமானது. பாட்டு கையில் இருக்கிறது, பாடியவர் பெயர் தொலைந்துவிட்டது. என்ன செய்வது? பாட்டில் வரும் சிறந்த தொடரையே அவருக்குப் பெயராக்கினார்கள். ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்று எழுதியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். அணில் விளையாடும் முற்றத்தைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். பெயரில்லாதவர் என்று விட்டுவிடவோ இன்னொருவர் கணக்கில் சேர்க்கவோ மனம் வரவில்லை. எழுதியவர் பெயரும் மூலமும் இல்லாமல் கட்டுரைகள் கைமாறுகிற இந்தக் காலத்தில், இதைத்தான் முதலில் கற்றுக்கொள்ளவேண்டும் என்று நினைக்கிறேன்.

தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று இரண்டு பேரைப் பிரித்துச் சொல்லும் வழக்கமும் இருந்தது. அகநானூற்றைத் தொகுத்தவர் மதுரை உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றுக்குக் கூடலூர் கிழாரும் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும். செய்தவருக்கும் செய்யவைத்தவருக்கும் ஒரே வினையடியில் இரண்டு பெயர் தர இந்த மொழியால் முடிகிறது. ஒரு நிறுவனம் பணம் கொடுத்து ஒருவரைக் கொண்டு தொகுப்பு வெளியிட்டால், இன்றும் இந்த இரண்டையும் அப்படியே எடுத்தாளலாம்.

அடுத்தது திரட்டு. திரள் என்ற வேரில் பிறந்த சொல். மோரைக் கடையும்போது வெண்ணெய் திரள்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சினால் திரட்டுப்பால். பரந்து கிடப்பது ஒன்றுகூடிக் கெட்டியாவதே திரளுதல். இந்தச் சொல்லின் பெருமைக்குப் புறத்திரட்டு ஒன்று போதும். பெயர் தெரியாத ஒருவர், பல நூல்களிலிருந்து தனக்குச் சிறந்ததாகத் தோன்றிய பாடல்களை எடுத்து, குறளைப் போல அதிகாரம் அதிகாரமாக அடுக்கி வைத்தார். பின்னால் மூலநூல்கள் பலவும் அழிந்துபோயின. முத்தொள்ளாயிரம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் படிக்கிற நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் புறத்திரட்டில் இருந்ததால் பிழைத்தவை. தகடூர் யாத்திரை, ஆசிரியமாலை போன்ற நூல்களின் பாடல்களும் அப்படித்தான். ஒருவர் பிடித்ததை எழுதி வைத்ததால் ஓர் இலக்கியத்தின் துண்டுகளாவது மிஞ்சின. எஸ். வையாபுரிப்பிள்ளை அதை அச்சில் பதிப்பித்தார். இணைப்புகள் சில ஆண்டுகளிலேயே செத்துப்போகிற இணையத்தில், கட்டுரைகளைப் படியெடுத்து வைப்பவர்கள் செய்வதும் புறத்திரட்டின் வேலையே.

ஆனால் இன்றைய வழக்கில் இந்தச் சொற்களுக்குச் சில சிக்கல்கள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘தொகு’ என்ற பொத்தானை அழுத்தினால் கட்டுரையைத் திருத்தலாம். அங்கே தொகுத்தல் என்றால் திருத்தி எழுதுதல். தொலைக்காட்சியில் தொகுப்பாளர் என்றால் நிகழ்ச்சியை நடத்துபவர். திரட்டிக்கும் வேறு பொருள் வந்துவிட்டது. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் போன்ற தளங்களைத் திரட்டி என்று அழைத்தோம். அவை புதிதாக வரும் பதிவுகளைத் தானாக வாங்கி வரிசைப்படுத்தும் இயந்திரங்கள். பயனுள்ளவைதான், ஆனால் கியூரேஷன் செய்பவை அல்ல. வந்ததெல்லாம் வரிசையில் நிற்கும். ஒருவர் படித்துப் பார்த்து இது வேண்டும், அது வேண்டாம் என்று முடிவெடுக்கும் கட்டம் அங்கே இல்லை.

விட்டுப்போவது அந்த ஆய்வுதான். அதைச் சொல்லத் ‘தெரிந்து’ என்ற சொல் காத்திருக்கிறது. குறளில் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று மூன்று அதிகாரங்கள். மூன்றிலும் தெரிந்து என்றால் ஆராய்ந்து என்று பொருள். இலங்கைத் தமிழில் தெரிவு என்பது இன்றும் அன்றாடச் சொல்: அணிக்குத் தெரிவு, பல்கலைக்கழகத் தெரிவு. ஆகவே கியூரேட் செய்தல் என்பதற்குத் ‘தெரிந்து தொகுத்தல்’ என்று எழுதுவதே என் தேர்வு. வேலையின் விளைவைத் திரட்டு எனலாம்; பல துறையும் கலந்திருந்தால் கதம்பத் திரட்டு. செய்தவரைத் தொகுப்பாளர் என்று சொல்லித் தொலைக்காட்சியோடு குழப்பிக்கொள்ளாமல், ‘தொகுத்தவர்’ என்று பழைய ஏடுகளில் உள்ளபடியே போடலாம். ‘கியூரேட்டட் பை’ என்று ஆங்கிலத்தில் வரும் இடத்தில் ‘தெரிந்து தொகுத்தவர்’ என்று எழுதி, பக்கத்தில் பெயரைப் போட்டால் முடிந்தது.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நாம் முன்பு எதைப் பார்த்தோம் என்று கணக்கிட்டு, அதைப் போன்றதையே மென்பொருள் எடுத்து நீட்டும்போதும் ‘உங்களுக்காகக் கியூரேட் செய்தது’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்குத் தெரிந்து தொகுத்தல் என்ற சொல்லைத் தரவேண்டியதில்லை. பரிந்துரை என்று ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது. அந்த வேலைக்கு அது சரியாகப் பொருந்துகிறது.