பின் சக்கரம் ஓட்டினால் மட்டும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிடாது

இந்த மழையில் என் பட்டறைக்கு இழுத்து வந்த மூன்றாவது வண்டி அது. பின் கதவிலிருந்து பம்பர் வரை ஒரு பக்கம் முழுக்க டிவைடரில் உரசி உள்ளே போயிருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் செடான், 250 குதிரைத்திறன். ஓட்டிய தம்பிக்கு வயது 24, நல்லவேளையாக அடி எதுவும் இல்லை. "ரவுண்டானாவுல லேசாத்தான் ஆக்சிலரேட்டர் கொடுத்தேங்ணா, பின்னாடி தானா சுத்திக்கிச்சு" என்றார். பின் டயரைத் தடவிப் பார்த்தேன், மொட்டை. ஏன் இந்த வண்டியை எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "ரியர் வீல் டிரைவ்தானேங்ணா அசல் ஸ்போர்ட்ஸ் கார்" என்றார்.

இந்த ஒரு பேச்சைத்தான் என்னால் இனியும் கேட்க முடியவில்லை.

ரியர் வீல் டிரைவ் என்றால் இன்ஜினின் சக்தி பின் சக்கரத்துக்குப் போய் வண்டியைத் தள்ளுவது, அவ்வளவுதான். மாருதி ஈக்கோ ரியர் வீல் டிரைவ். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா, அந்தக் கால அம்பாசடர் எல்லாமே ரியர் வீல் டிரைவ். சந்தைக்குத் தக்காளி ஏற்றிப் போகிற வண்டியையும் பின் சக்கரம்தான் தள்ளுகிறது. ஆனால் 1964, 1965, 1967 ஆகிய மூன்று வருடங்களிலும் மான்டே கார்லோ ராலியை ஜெயித்த மினி கூப்பரை இழுத்தது முன் சக்கரம். ஹோண்டா சிவிக் டைப் ஆர் 2023இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கில் 20.8 கிலோமீட்டர் சுற்றை 7 நிமிடம் 44.88 நொடியில் முடித்தது. அதுவும் முன் சக்கர வண்டிதான். வண்டியின் எடை, சஸ்பென்ஷன், டயர், ஓட்டுகிறவரின் கால் எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்.

பின் சக்கர வண்டியின் அருமை எனக்கும் தெரியும். வேகம் எடுக்கும்போது எடை பின்னால் இறங்கி, தள்ளுகிற சக்கரத்தையே ரோட்டில் அழுத்தும். முன் சக்கரத்துக்குத் திருப்புகிற வேலை மட்டும்தான். குதிரைத்திறன் ஏற ஏற இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். அதிக சக்தியுள்ள முன் சக்கர வண்டியில் காலை அழுத்தினால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். எல்லாம் சரி. ஆனால் பின் சக்கர வண்டிக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயரை வாங்கித் தந்தவை மாஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86 போன்ற எடை குறைந்த சின்னக் கார்கள். அவை நம் ஊரில் முறையாக விற்பனைக்கே வரவில்லை. அந்த ஆசையில் நம் பிள்ளைகள் வாங்குவது ஒன்றரை டன் எடையுள்ள பழைய சொகுசு செடான்.

ஈரத்தில் நடப்பதைக் கேளுங்கள். வளைவில் பின் டயர் வழுக்கியதும் பயத்தில் எல்லோரும் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுப்பார்கள். எடை முழுதும் முன்னால் போகும், ஏற்கெனவே பிடி விட்ட பின்பக்கம் இன்னும் லேசாகி வண்டி சுழலும். முன் சக்கர வண்டி அதே இடத்தில் வளையாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். அங்கே காலை மெல்ல எடுத்தால் பெரும்பாலும் பாதைக்குத் திரும்பிவிடும். பழகாத காலை அது கொஞ்சம் மன்னிக்கும். பின் சக்கர வண்டியில் காலை மெதுவாகத் தளர்த்திக்கொண்டே, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். பழக்கமில்லாமல் இது வராது. நெரிசலான கோவை அவிநாசி ரோட்டில் பழகவும் கூடாது.

முன் சக்கர வண்டிக்காரர்களும் கேளுங்கள். முன் டயர்தான் சீக்கிரம் தேயும் என்பதால் புது டயர் இரண்டையும் முன்னால் மாட்டி, தேய்ந்ததைப் பின்னால் தள்ளுகிறீர்கள். டயர் கடையிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள் என்பீர்கள். தவறு. இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால்தான் போக வேண்டும். மழையில் பின்பக்கம் பிடி விட்டால் எந்த வண்டியும் சுழலும்.

வண்டி வழுக்கும்போது தானாகவே அதைக் கட்டுப்படுத்தப் பார்க்கிற எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பட்டனைத் தொடாதீர்கள். அதை அணைத்துவிட்டு வீடியோ எடுத்தவர்களின் வண்டிகளுக்கும் நான் டிங்கர் வேலை பார்த்திருக்கிறேன்.

வாங்கும் முன் வண்டியைத் தூக்கிப் பாருங்கள். பின் சக்கர வண்டி என்றால் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலில் ஆயில் கசிகிறதா, முன்னாலிருந்து பின்னால் சக்தியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் ஆடுகிறதா, பின் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் கிழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல மாடல்களில் முன் டயர் ஒரு அளவு, பின் டயர் அதைவிட அகலம். முன்பின் மாற்றிப் போட முடியாது, அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். முன் சக்கர வண்டியில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகர்த்துங்கள். டக் டக்கென்று சத்தம் வந்தால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் முனையில் இருக்கும் சிவி ஜாயின்ட் போய்விட்டது. எந்த வண்டியானாலும் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23வது வாரம் தயாரானது. டயர்க் கோடுகளின் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயசு டயரை நம்பி வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறாதீர்கள்.

முதல் வேகமான கார், தினமும் ஆபீஸுக்கும் அதுதான், மழையிலும் ஓட்டியாக வேண்டும் என்றால் என் பதில் முன் சக்கர டிரைவ். ஆக்டேவியா விஆர்எஸ், கோல்ஃப் ஜிடிஐ மாதிரி வண்டிகள் தரும் சந்தோஷம் உங்களுக்குப் போதவில்லை என்று தோன்றப் பல வருடம் ஆகும். பின் சக்கர வண்டிதான் வேண்டும் என்றால் தயவுசெய்து கோவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக் மாதிரி ஒரு இடத்தில், தெரிந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு நாளாவது பழகுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டி அடுத்த வாரம் தயாராகிவிடும். நான்கு டயரும் புதிதாகப் போடாமல் சாவியைத் தரமாட்டேன் என்று அவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.